யார் யாருக்கு விளக்கம் சொல்வது?

மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலை ஒட்டிய பகுதியில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவருடைய மனைவியாகச் சொல்லப்படும் வாசுகிக்கும் அங்கே இடம் உண்டு. வள்ளுவர் பிறந்த ஊர் மயிலாப்பூர் என்பதும், வாசுகி என்ற பெயரில் அவருக்கு ஒரு மனைவி இருந்தார் என்பதும் வரலாறு உறுதிசெய்த செய்திகள் அல்ல. வழிவழியாக வரும் கதைகள்தாம். ஆனால் கதைகளும் வேலை செய்கின்றன. வாசுகி கதைகளில் ஒன்று, விளக்கம் கேட்பதைப் பற்றியது.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் இலைக்குப் பக்கத்தில் ஓர் ஊசியும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கச் சொல்வாராம் வள்ளுவர். எதற்கு என்று வாசுகி கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் வைத்தார். மரணப் படுக்கையில் இருக்கும்போது, மனதில் ஏதாவது குறை உண்டா என்று கணவர் கேட்ட பிறகே அந்தச் சந்தேகத்தைச் சொன்னார். கீழே சிந்தும் பருக்கையை ஊசியால் எடுத்துத் தண்ணீரில் கழுவிச் சாப்பிடுவதற்காக வைக்கச் சொன்னேன், நீ பரிமாறியபோது ஒரு பருக்கைகூடச் சிந்தியதில்லை, அதனால் அவற்றுக்கு வேலையே வரவில்லை என்றார் வள்ளுவர். வாசுகி நிம்மதியாகக் கண்ணை மூடினார். கதை அவ்வளவுதான்.

இதைச் சிக்கனத்துக்குச் சொல்வார்கள், இல்லறத்தின் பெருமைக்குச் சொல்வார்கள். நம் கண்ணில் படவேண்டியது வேறொன்று. அந்த ஊசி தினமும் நடந்த ஒரு தேர்வு. தேர்வு எழுதுகிறோம் என்பதே எழுதியவருக்குத் தெரியாது. முடிவு மட்டும் கடைசி நாளில் சொல்லப்பட்டது. கேள்வி கேட்காமல் இருந்ததுதான் வாசுகியின் சிறப்பு என்று கதை சொல்கிறது. ஒரு விளக்கத்தைக் கேட்பதற்குப் பெண்ணுக்கு ஒரு முழு ஆயுள் பிடித்தது என்பது கதை சொல்பவர்களுக்கு உறுத்தவில்லை.

விளக்கம் சொல்வதும் கேட்பதும் அறிவு சார்ந்த செயல்கள் என்று நாம் நினைக்கிறோம். அவை அதிகாரம் சார்ந்தவையும்கூட. யார் விளக்கலாம், எவ்வளவு தூரம் விளக்கலாம், யாரிடம் விளக்கம் கேட்கலாம், யார் கேட்கவே கூடாது என்பதையெல்லாம் நம் மொழியில் இருக்கும் சொற்களே பிரித்து வைத்திருக்கின்றன. அந்தச் சொற்களையும், குறளுக்கு எழுதப்பட்ட உரைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1. பெயர் பலவான ஒரு வேலை

ஒரு நூலுக்குப் பொருள் சொல்லும் வேலைக்குத் தமிழில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சொல்லுக்குச் சொல் பொருள் தருவது பதவுரை. மொத்தப் பொருளைத் திரட்டித் தருவது பொழிப்புரை. பாட்டின் உட்கிடையைச் சொல்வது கருத்துரை. குழப்பம் நீக்கித் தருவது தெளிவுரை. கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்ற ஐந்தோடு நிற்பது காண்டிகையுரை என்றும், அவற்றோடு நிற்காமல் தன் கருத்தும் பிற நூல் கருத்தும் சேர்த்து ஐயம் தீர விரித்துச் சொல்வது விருத்தியுரை என்றும் நன்னூல் பிரிக்கிறது. வைணவத்தில் இதே வேலைக்கு வியாக்கியானம் என்று பெயர். நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுமைக்கும் பொருள் சொன்ன பெரியவாச்சான் பிள்ளையை வியாக்கியானச் சக்கரவர்த்தி என்றே அழைக்கிறார்கள். பாட்டின் மேலோட்டமான பொருளுக்குக் கீழே இருக்கும் தத்துவப் பொருளுக்கு ஸ்வாபதேசம் என்று அங்கே தனிப் பெயரும் உண்டு.

இவை வெறும் அலங்காரப் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் உரைகாரர் வாசகருடன் செய்துகொள்ளும் ஒரு ஒப்பந்தம். பதவுரை எழுதுகிறேன் என்றால் சொல்லைவிட்டு நகரமாட்டேன் என்று பொருள். விருத்தி எழுதுகிறேன் என்றால் என் கருத்தும் இதில் கலந்திருக்கிறது, பார்த்துப் படியுங்கள் என்று பொருள். ஒப்பந்தத்தை வெளிப்படையாகச் சொல்லும்வரை சிக்கல் இல்லை. பதவுரையின் நடுவே அறிவிப்பில்லாமல் விருத்தி நுழைந்து, உரைகாரரின் கருத்து மூலநூலின் கருத்தைப் போலவே உட்கார்ந்துகொள்ளும்போதுதான் சிக்கல்.

உரை என்ற சொல்லுக்கே இரண்டு முகங்கள் உண்டு. உரைத்தல் என்றால் சொல்லுதல். தங்கத்தைக் கல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பதும் உரைத்தல்தான். நல்ல உரை இரண்டையும் செய்யவேண்டும். சொல்லவும் வேண்டும், சோதிக்கவும் வேண்டும். நம் உரை மரபு மூலநூலின் இலக்கணத்தை நன்றாகவே சோதித்தது. தன் காலத்தின் நம்பிக்கைகளை அந்தக் கல்லில் தேய்த்துப் பார்க்கவில்லை.

விளக்கம் என்ற சொல்லின் வேரில் விளங்குதல் இருக்கிறது, ஒளி இருக்கிறது. இருட்டில் வைப்பது விளக்கு. பாத்திரத்தைத் துலக்குவதும் விளக்குவதுதான். பெருக்குவதற்கு விளக்குமாறு. விளக்கேற்றுவது, பாத்திரம் விளக்குவது, விளக்குமாறு பிடிப்பது என்று இந்தச் சொல்லின் உடலுழைப்பு முழுவதும் வீட்டில் பெண்ணின் கையில் இருந்தது. நூலை விளக்கும் வேலை மட்டும் திண்ணையிலும் மடத்திலும் ஆண்களிடம் இருந்தது. ஒரு சொல்லின் பொருள்களுக்குள்ளேயே வேலைப் பிரிவினை நடந்திருப்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்டமுடியாது.

2. மக்கள் என்ற சொல்லில் மகள் உண்டா?

உரை மரபின் தோற்றக் கதையே ஆண்கள் மட்டும் உலவும் கதை. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் பலரும் உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று முடிவு செய்ய முடியாமல் திணறுகிறார்கள். ஐந்து வயதான, வாய் பேசாத உருத்திரசன்மன் என்ற சிறுவனை உட்காரவைத்து உரைகளைச் சொல்கிறார்கள். நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்லுக்குச் சொல் அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்க்க, அதுவே உரை என்று முடிவாகிறது. பிறகு அந்த உரை நக்கீரரிடமிருந்து ஆசிரியர் மாணாக்கர் என்று வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்து எழுத்தாகிறது. அந்தத் தலைமுறைகளை அடுக்கும் பட்டியலில் வருபவர்கள் எல்லோரும் ஆண்கள்.

அழகான கதை இது. பேசமுடியாத ஒருவர் பேச்சுக்கு நீதிபதியாக இருப்பது சாதாரணக் கற்பனை அல்ல. ஆனால் சங்கப் பாடல்களைப் பாடியவர்களில் ஔவையார், வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெண்கள் பலர் இருக்க, பாட்டுக்குப் பொருள் சொல்லும் இடத்துக்கு வரும்போது ஒரு பெண்கூட மிஞ்சவில்லை என்பதை இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். பெண் பாடலாம். பாட்டுக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி அவளுக்கு இல்லை.

திருக்குறளுக்கு உரை எழுதிய பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது மரபு. தருமர், மணக்குடவர், தாமத்தர், நச்சர், பரிதி, பரிமேலழகர், திருமலையர், மல்லர், பரிப்பெருமாள், காளிங்கர். இவர்களில் பரிமேலழகர் உரையே தலைசிறந்தது என்று நூற்றாண்டுகளாகப் பயிலப்படுகிறது. அவருடைய நுட்பத்தை மறுப்பதற்கில்லை. குறள்களை அடுக்கியிருக்கும் முறை, சொற்களுக்கு இடையிலான உறவு, இலக்கணக் குறிப்பு என்று அவர் காட்டும் கவனம் அபாரமானது. அந்த நுட்பம் எங்கே எதற்குப் பயன்பட்டது என்பதே நம் கேள்வி.

ஏழாவது அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நாம் பள்ளியில் படித்த பெயர் மக்கட்பேறு. பரிமேலழகர் அதற்குக் கொடுக்கும் தலைப்பு புதல்வரைப் பெறுதல். தலைப்பிலேயே மகள் வெளியே போய்விட்டாள். அதிகாரத்தின் முதல் குறளான 61ஆம் குறள், அறியவேண்டியவற்றை அறியும் மக்களைப் பெறுவதைவிடச் சிறந்த பேறு இல்லை என்கிறது. இங்கே பரிமேலழகர் ஒரு இலக்கண முடிவு சொல்கிறார். மக்கள் என்பதற்கு அடையாக அறிவு பேசப்பட்டிருப்பதால், மக்கள் என்ற பெயர் பெண்ணை நீக்கி நிற்கிறது என்பது அவருடைய முடிவு.

இந்த வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். மக்கள் என்பது இருபாலுக்கும் பொதுவான சொல். அதை உரைகாரரும் மறுக்கவில்லை. பொதுச்சொல்லாக இருப்பதால்தான் பெண்ணை நீக்கவேண்டிய தேவையே வருகிறது. நீக்குவதற்கு ஆதாரம் என்ன? அறிவு என்ற அடைமொழி. அறிவு இருக்கும் இடத்தில் பெண் இருக்கமுடியாது என்ற நம்பிக்கை முதலில் இருந்தால்தான் இந்த ஆதாரம் ஆதாரமாகும். குறளில் அந்த நம்பிக்கை எழுதப்பட்டிருக்கவில்லை. உரைகாரரின் மனதில் இருந்தது இலக்கணக் குறிப்பின் உடையில் வந்து நிற்கிறது. சொற்பொருள் சொல்லும் இடத்தில் விருத்தி நுழைவது என்று மேலே சொன்னது இதைத்தான். பரிமேலழகருக்கு முந்தியவராகக் கருதப்படும் மணக்குடவர் இதே குறளுக்கு அறிவுடைய மக்களைப் பெறுவது என்று பொருள் சொல்லிவிட்டுப் போகிறார். மகளை வெளியேற்றும் வேலையை அவர் செய்யவில்லை. ஆகவே இது காலத்தின் தவறு, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்ற சமாதானமும் இங்கே நிற்காது.

அதே அதிகாரத்தில் 69ஆம் குறள். தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், பெற்ற பொழுதைவிடப் பெரிதும் மகிழ்வாள் என்பது அதன் பொருள். கேட்ட என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார் பரிமேலழகர். பெண்ணின் இயல்பால் தானாக அறியமுடியாதவள் ஆகையால் கேட்ட தாய் என்று சொல்லப்பட்டது என்கிறார். ஊரார் தன் பிள்ளையைப் புகழ்வதைக் கேட்டு மகிழாத தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பிறர் சொல்லிக் கேட்பதில் இருக்கும் தனி இன்பம் அது. அந்த எளிய மனித அனுபவம், உரையில் பெண்ணின் அறிவுக் குறைவுக்குச் சாட்சியாகிவிடுகிறது. பெற்று, பாலூட்டி, பேச்சுச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குத் தன் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அயலார் வந்து விளக்கவேண்டும் என்கிறது உரை.

இவை இரண்டு சின்னக் குறிப்புகள்தானே என்று கேட்கலாம். உரை வேலை செய்வதே சின்னக் குறிப்புகளில்தான். வெளிப்படையாகச் சொல்லப்படும் கருத்தை மறுத்துவிடலாம். இலக்கணமாக வருவதை மறுக்க முதலில் இலக்கணம் படித்திருக்க வேண்டும். படிக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

3. மழைக்கு யார் ஆணையிட்டது?

குறள் 55 பெண்ணியவாதிகள் அடிக்கடி சண்டை போட்ட குறள். தெய்வத்தைத் தொழாமல் கணவனைத் தொழுது எழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்பது பழைய பொருள். இதற்கு எழுதப்பட்ட உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கம் என்பதன் அரசியல் இன்னும் துலக்கமாகும்.

பரிமேலழகருக்கு இங்கே ஒரு ஐயம் வருகிறது. ஏன் துயிலெழும் நேரத்தில் தொழவேண்டும்? தெய்வம் தொழுவதற்கு மனம் தெளிந்திருப்பது அந்த நேரத்தில் என்று காரணம் தருகிறார். கணவனை ஏன் தொழவேண்டும் என்ற ஐயம் அவருக்கு வரவில்லை. ஒரு உரைகாரரை அறிந்துகொள்ள அவர் விளக்கியதைப் பார்ப்பது பாதி. அவருக்கு விளக்கமே தேவைப்படாமல் போனது எது என்று பார்ப்பது மறுபாதி. நேரம் புதிராக இருந்தது, அதனால் விளக்கினார். அடிபணிதல் இயல்பாக இருந்தது, அதனால் கடந்துபோனார்.

பெரியார் கடந்துபோகவில்லை. பெண் ஏன் அடிமையானாள் நூலில் வள்ளுவரும் கற்பும் என்று ஒரு பகுதியே இருக்கிறது. வள்ளுவர் ஆணாக இல்லாமல் பெண்ணாக இருந்து எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்று அதில் கேட்கிறார். பொருளை மாற்றி வள்ளுவரைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. எழுதியவர் எந்த இடத்திலிருந்து எழுதினார் என்று கேட்டார். உரை மரபு எழுப்பாத கேள்வி அது. ஐயம் வினா விடை என்றெல்லாம் இலக்கணம் வகுத்த மரபுக்கு, பேசுகிறவர் ஆண் என்பது ஒரு ஐயமாகத் தோன்றியதே இல்லை.

பிற்காலத்தில் வேறொரு வகை உரைகள் வந்தன. கலைஞர் மு. கருணாநிதி தம் உரையில் இந்தக் குறளின் அமைப்பையே மாற்றுகிறார். கணவன் சொல்லைக் கடவுள் சொல்லைவிட மேலாக நினைத்து அவனைத் தொழும் மனைவி, பெய் என்று ஆணையிட்டதும் நடுங்கிப் பெய்கிற மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள் என்று அவர் பொருள் காண்கிறார். நோக்கம் தெளிவானது. பெண்ணின் அடிபணிதலைப் புகழ்ச்சியாகப் படிக்கவிடாமல் அதை அடிமைத்தனம் என்று பெயரிட்டுக் காட்டுகிறார். அதற்கு ஒரு அரசியல் துணிவு வேண்டும்.

ஆனால் இந்த உரையில் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்கவேண்டும். அந்தக் குறளில் பெண் ஒரே ஒரு சொல் பேசுகிறாள். பெய். பழைய பொருளில் அது அவள் வாயிலிருந்து வருகிறது. இயற்கைக்கே கட்டளையிடும் சொல் அது. அதற்கு அவள் கொடுக்கும் விலை மிக அதிகம், பேரம் மோசமானது என்பது உண்மை. என்றாலும் பேசுபவள் அவள். புதிய பொருளில் ஆணையிடுவது வேறு யாரோ. அவள் மழையாகி நடுங்குகிறாள். அவளை மீட்க வந்த உரை, அவளுக்கு இருந்த ஒரே சொல்லையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பழமையான உரை பெண்ணிடமிருந்து அறிவை எடுத்தது. முற்போக்கான உரை பேச்சை எடுத்தது. இரண்டு உரைகளிலும் காப்பாற்றப்பட்டவர் வள்ளுவர்தான்.

வாசுகியின் கதைகளை இந்தக் குறளுக்கான விருத்தியுரையாகவே படிக்கலாம். எடுத்துக்காட்டுச் சொல்வது உரையின் ஒரு பகுதி என்கிறது இலக்கணம். கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் கணவர் கூப்பிட்டதும் கயிற்றைவிட்டு ஓட, குடம் அந்தரத்திலேயே நின்றது. பழைய சோறு சுடுகிறது என்று கணவர் சொன்னதும் மறுபேச்சின்றி விசிறினார். இதே வாசுகிதான், பிச்சைக்குக் காத்திருந்த கோபத்தில் முறைத்துப் பார்த்த முனிவரிடம் கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா என்று கேட்டவர். பழமொழியாக நின்றுவிட்ட கேள்வி. தவவலிமை உள்ள முனிவரை ஒரு வரியில் மடக்கத் தெரிந்தவருக்கு, வீட்டுக்குள் ஊசி எதற்கு என்று கேட்கத் தெரியாமலா போனது? தெரியாமல் இல்லை. கேட்காமல் இருப்பதையே தகுதியாக்கி வைத்தார்கள்.

4. கீழிருந்து மேலே போகும் விளக்கம்

இதுவரை பார்த்தது மேலிருந்து கீழே வரும் விளக்கம். கீழிருந்து மேலே போகும் விளக்கம் ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தமிழில் இருக்கும் பெயர்கள் வேறு. சமாதானம், சாக்கு, சால்ஜாப்பு, நொண்டிச் சாக்கு, தன்னிலை விளக்கம்.

சமாதானம் என்ற சொல்லின் பயணத்தைப் பாருங்கள். சாத்திர நூல்களில் ஆட்சேபத்துக்கு அடுத்து வருவது சமாதானம். எதிர்வாதத்தைத் தீர்க்கும் விடை. பண்டிதர் சொன்னால் அது புலமை. வீட்டுக்குள் வந்தால், என்ன சமாதானம் சொல்லப்போற என்று தாமதமாக வந்த மருமகளைக் கேட்கும் கேள்வியாகிறது. இங்கே அது விடை அல்ல, நம்பப்படாத விடை. வியாக்கியானமும் அப்படித்தான். ஆசாரியர் செய்தால் பக்தி. பெண் தன் செயலுக்குக் காரணம் சொன்னால், போதும் உன் வியாக்கியானம். ஒரே சொல் மேலிருந்து கீழே வரும்போது அறிவாகவும், கீழிருந்து மேலே போகும்போது சால்ஜாப்பாகவும் ஆகிவிடுகிறது.

அலுவலகத் தமிழ் இதை இன்னும் பச்சையாகச் சொல்லும். விளக்கம் கேட்டு மெமோ. மேலதிகாரி விளக்கம் கேட்பார், ஊழியர் விளக்கம் தரவேண்டும். இங்கே விளக்கம் என்றால் குற்றச்சாட்டுக்குப் பதில். தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் இருக்கும் துணிக்கடைகளுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பார்கள். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பது கடைத் தொழிலில் நெடுங்காலம் எழுதப்படாத விதி. கொஞ்சம் உட்கார்ந்தால் அதற்குக் காரணம் சொல்லவேண்டும். மாதவிலக்கு, கால் வீக்கம், கர்ப்பம் என்று உடம்பின் அந்தரங்கத்தை எடுத்து ஆண் மேற்பார்வையாளர் முன் விளக்கமாக வைக்கவேண்டும். கேரளத்தில் பெண் தொழிலாளர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றது. எல்லாக் கடைகளிலும் அது முழுமையாக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அந்தச் சட்டம் செய்த முக்கியமான காரியம், உட்காருவதற்கு விளக்கம் தேவையில்லை என்று ஆக்கியது. உரிமை என்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. எதைச் செய்வதற்கு நாம் விளக்கம் சொல்லவேண்டியதில்லையோ, அதில் நமக்கு உரிமை இருக்கிறது.

நீதிமன்றத்திலும் இதே கதைதான். மதுரா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், காவல் நிலையத்தில் வன்முறைக்கு உள்ளான பழங்குடிப் பெண்ணின் உடலில் காயங்கள் இல்லை, அவர் கூச்சல் போடவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் சம்மதமாகப் பொருள்கொண்டு காவலர்களை விடுவித்தது. அடிபணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்று 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடு முழுவதும் பெண்கள் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது என்று சட்டப் பிரிவிலேயே எழுதப்பட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரி சட்டப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது தெரியுமா? விளக்கம். மௌனம் சம்மதம் என்ற பழமொழிக்கு எதிராகப் பெண்கள் போராடிப் பெற்ற விளக்கவுரை அது.

வாசுகியின் மௌனத்துக்குக் கற்பு என்று பொருள் சொன்னார்கள். காவல் நிலையத்தில் ஒரு பெண்ணின் மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் சொன்னார்கள். 2018இல் இசை, நாட்டிய உலகத்துப் பெண்கள் பேசத் தொடங்கியபோது, இத்தனை காலம் பேசாமல் இருந்ததற்கு உள்நோக்கம் என்று பொருள் சொன்னார்கள். அந்த ஆண்டு மார்கழி விழாவிலிருந்து மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை விலக்கிவைத்தது. அப்போதும் மயிலாப்பூர் சபா வாசல்களில் கேட்கப்பட்ட கேள்வி, ஏன் இப்போது சொல்கிறார்கள் என்பதுதான். பெண் பேசாதபோது அவள் மௌனத்துக்கு உரை எழுதுகிறவர்கள், அவள் பேசும்போது அவளிடமே விளக்கம் கேட்கிறார்கள்.

5. நாம் எழுதவேண்டிய உரை

உரை மரபைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது, கூடாது. அடியார்க்குநல்லாரும் நச்சினார்க்கினியரும் இல்லாமல் சிலப்பதிகாரத்தையும் சிந்தாமணியையும் இன்று நம்மால் இவ்வளவு படித்திருக்க முடியாது. சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் மூலத்தோடு உரையையும் சேர்த்தே தேடினார், பதிப்பித்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1943இல், அவருடைய சேகரிப்பைக் காக்கும் நூல்நிலையத்தை அடையாறில் நிறுவியவர் ருக்மிணி தேவி அருண்டேல். இன்று அது பெசன்ட் நகரில் இருக்கிறது. ஆண்கள் எழுதிய உரைகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் ஒரு பெண் என்பதை மறக்கவேண்டியதில்லை. அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும் பெண்கள் இனி என்ன எழுதப்போகிறோம் என்பதே விஷயம்.

முன்பே எழுதியவர்களும் இருக்கிறார்கள். மருங்காபுரி ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி 1920களின் இறுதியில் திருக்குறள் தீபாலங்காரம் என்ற பெயரில் குறளுக்கு உரை எழுதி வெளியிட்டார். விளக்கேற்றும் கை, விளக்கம் எழுதும் கையாகவும் ஆனது என்று அந்தத் தலைப்பையே படிக்கலாம். உரைகாரர் பட்டியலை ஒப்பிக்கிறவர்கள் பதின்மரோடு தொடங்கி மு.வ. வரை வந்து நிறுத்துவார்கள். இலட்சுமி அம்மணியின் பெயர் அரிதாகவே வரும். உரைகாரர்களின் வரலாற்றை எழுதுவதே ஒரு உரைதான். அதிலும் மக்கள் என்ற சொல் பெண்ணை நீக்கி நிற்கிறது.

பெண்ணிய விமர்சனம் செய்யவேண்டியது எல்லாக் குறளையும் முற்போக்காக மாற்றிச் சொல்வது அல்ல. அது காப்பாற்றும் விளக்கம். காப்பாற்றப்படுவது நூலாசிரியரின் பெயர் மட்டுமே. நாம் கேட்கவேண்டியது மூன்று. இது சொல்லில் இருக்கிறதா, உரைகாரரின் மனதில் இருக்கிறதா? எது விளக்கப்பட்டது, எது விளக்கம் தேவையில்லாத இயல்பாக விடப்பட்டது? இந்தப் பொருளால் யார் வாயிலிருந்த சொல் பறிபோனது? இந்த மூன்று கேள்விகளும் பரிமேலழகருக்கும் பொருந்தும், கலைஞருக்கும் பொருந்தும், நாளை நாம் எழுதும் உரைக்கும் பொருந்தும்.

இதில் உடனடியான காரியமும் ஒன்று இருக்கிறது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. காமத்துப்பால் அந்த உத்தரவில் இல்லை. பெண் தன் குரலில் அதிகம் பேசுவது அந்த 25 அதிகாரங்களில்தான். அங்கே அவள் கோபிக்கிறாள், குறை சொல்கிறாள், விளக்கம் கேட்கிறாள், சொன்ன விளக்கத்தை நம்ப மறுக்கிறாள். பெண் வாய் திறக்கும் பகுதியை விட்டுவிட்டு, பெண்ணைப் பற்றிப் பேசும் பகுதியை மட்டும் நம் பெண் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்பது சொல்லப்படும் காரணம். வகுப்புக்கு ஏற்ற குறள்களைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

ஏழாவது அதிகாரம் பாடத்தில் இருக்கிறது. ஒரு சிறுமி எழுந்து, மக்கள் என்றால் அதில் நானும் உண்டா மிஸ் என்று கேட்கும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். உண்டு, சொல்லில் நீ இருக்கிறாய், உன்னை வெளியே அனுப்பியது ஒரு உரைகாரர் என்று அந்த ஆசிரியர் பதில் சொல்லவேண்டும். அந்த உரைகாரர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவள் அடுத்த கேள்வியைக் கேட்பாள். அதற்கும் பதில் சொல்லவேண்டும். விளக்கம் கேட்பது தவறில்லை என்று ஒரு பெண் குழந்தைக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட வேண்டும்.